டிஸ்கா, டவுன்லோடா? கன்சோல் கேம் வாங்குமுன் எழும் கேள்விகள்

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் என எந்த கன்சோல் வைத்திருந்தாலும் ஒவ்வொரு கேமுக்கும் இந்தக் கேள்வி வந்து நிற்கும்: பெட்டியில் வருவதை வாங்குவதா, ஸ்டோரிலிருந்து இறக்கிக்கொள்வதா? நான் பல வருடங்களாக இரண்டையும் வாங்கி வருகிறேன். தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும், கேட்காவிட்டாலும் தெரிந்துகொள்ள வேண்டியவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை வாங்குவது?

தனியாக விளையாடுகிற, கதை உள்ள, சில வருடம் கழித்து மறுபடி எடுக்கத் தோன்றும் கேம் என்றால் டிஸ்க் அல்லது கேம் கார்டு (ஸ்விட்சில் டிஸ்குக்குப் பதிலாக வரும் சிறு அட்டை). நண்பர்களோடு ஆன்லைனில் மட்டும் விளையாடுகிற, தினமும் பத்து நிமிடமாவது திறக்கிற கேம் என்றால் டிஜிட்டல்.

ஆனால் டிஸ்கில் அந்த கேம் உண்மையிலேயே இருக்க வேண்டும். இன்றைக்கு அப்படி இல்லாத பெட்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. அதனால் கேமுக்கு கேம் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. 'நான் எப்போதும் டிஸ்க்தான்', 'எப்போதும் டிஜிட்டல்தான்' என்று ஒரே பக்கம் நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை.

டிஜிட்டலில் காசு கொடுத்து வாங்கிய கேம் எனக்குச் சொந்தமில்லையா?

இல்லை. நீங்கள் வாங்குவது அந்த கேமை விளையாடுவதற்கான உரிமம். ஸ்டோரில் 'ஏற்கிறேன்' என்று அழுத்திய நிபந்தனைகளில் இது எழுதப்பட்டிருக்கிறது; யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான். உரிமம் உங்கள் கணக்கோடு கட்டப்பட்டது. விற்க முடியாது, இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது.

'வாங்கு' என்ற பொத்தானைப் பார்த்து மக்கள் சொந்தமாகிவிட்டது என்று நம்புகிறார்கள் என்பதற்காகவே அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2024-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. கொடுப்பது உரிமம் மட்டும்தான் என்றால் அதை வாங்கும் இடத்திலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. விதியை அது மாற்றிவிடவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டு விற்கச் சொல்கிறது. எனக்கு அதுவே பெரிய விஷயமாகப் படுகிறது.

உரிமம் என்பது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு 'பி.டி.' என்ற இலவச திகில் டெமோவைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 2014 ஆகஸ்டில் பிஎஸ்4-க்கு (பிளேஸ்டேஷன் 4) வந்தது. அது அறிமுகப்படுத்த இருந்த பெரிய கேம் கைவிடப்பட்டதும், 2015 ஏப்ரலில் ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே இறக்கியவர்கள் ஒருமுறை அழித்துவிட்டால் மறுபடி இறக்க முடியாமல் போனது. அது கன்சோலிலேயே மிச்சமிருந்தவர்கள் அந்த கன்சோலை விற்கக்கூடத் தயங்கினார்கள். இலவசமாகக் கிடைத்ததுதானே என்று தள்ளிவிடலாம். ஆனால் காசு கொடுத்து வாங்கியதும் அதே வகை உரிமத்தில்தான் நம் கணக்கில் இருக்கிறது.

சரி, டிஸ்க் வாங்கினால் முழு கேமும் என் கையில் இருக்கும் அல்லவா?

பல நேரம் இருக்கும். எப்போதும் இருக்காது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டிஸ்கில் வருவது கேம் அச்சுக்குப் போன நாளில் இருந்த வடிவம். அச்சுக்கும் விற்பனைக்கும் நடுவில் சில வாரங்கள் இருக்கும். அந்த வாரங்களில் திருத்தியதெல்லாம் 'முதல் நாள் பேட்ச்' ஆக இணையம் வழியே வரும். 2015-இல் வந்த 'டோனி ஹாக்ஸ் புரோ ஸ்கேட்டர் 5' கேமின் டிஸ்கில் இருந்தது சுமார் 4.6 ஜிபி, முதல் நாள் பேட்ச் 7.7 ஜிபி. பேட்ச் இல்லாவிட்டால் பயிற்சிப் பகுதியையும் பூங்கா உருவாக்கும் பகுதியையும் தாண்டிப் பெரிதாக எதுவும் இல்லை.

அதற்கு அடுத்த கட்டமும் உண்டு. 2022-இல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' பிஎஸ்5 டிஸ்கில் இருந்தது ஏறத்தாழ 70 எம்பி. 2025 மே மாதம் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' டிஸ்கில் சுமார் 85 எம்பி. கேம் முழுவதும் இணையத்திலிருந்துதான் வரும். அந்த டிஸ்க் ஒரு சாவி மட்டுமே. சர்வர் இருக்கும்வரை சாவிக்கு மதிப்பு உண்டு, விற்கலாம், கொடுக்கலாம். சர்வர் போன பிறகு பூட்டு இருக்காது, சாவி மட்டும் இருக்கும்.

இதை வாங்கும் முன்பே கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. பெட்டியின் அட்டையைப் பாருங்கள்: விளையாட இணையம் தேவை, கூடுதல் டவுன்லோடு தேவை என்ற குறிப்பு முன்பக்கத்தின் கீழ் ஓரத்திலோ பின்பக்கத்திலோ இருக்கும். 'இணையம் தேவைப்படலாம்' என்று மழுப்பலாக இருந்தால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். இரண்டாவது, 'டஸ் இட் பிளே' என்ற ஆர்வலர் குழு. கேம்களை இணையத்தைத் துண்டித்துவிட்டு டிஸ்கிலிருந்து நிறுவி, தொடக்கம் முதல் முடிவு வரை போக முடிகிறதா என்று சோதித்து எழுதுகிறார்கள். அவர்கள் செய்வது பெரும் தொண்டு. டிஸ்க் வாங்குமுன் அங்கே தேடுவதை நான் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன்.

பொறுமை இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். பெரிய கேம்களுக்கு ஓரிரு வருடம் கழித்து, எல்லாப் பேட்ச்களும் கூடுதல் கதைப் பகுதிகளும் சேர்ந்த 'முழுப் பதிப்பு' டிஸ்க் வருவதுண்டு. ஆனால் கூடுதல் பகுதி டிஸ்கிலேயே இருக்கிறதா, அல்லது உள்ளே ஒரு டவுன்லோடு குறியீடு அச்சிட்ட சீட்டாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சீட்டாக இருந்தால் அது டிஜிட்டல்தான்.

ஸ்விட்ச் 2-இல் வரும் 'கேம்-கீ கார்டு' என்றால் என்ன?

இப்போது சொன்ன சாவி டிஸ்கின் அதே கதை, ஆனால் பெயரோடு. 2025 ஜூன் 5 அன்று வெளிவந்த ஸ்விட்ச் 2-க்குச் சாதாரண கேம் கார்டும் உண்டு, கேம்-கீ கார்டும் உண்டு. கேம்-கீ கார்டில் கேம் இருக்காது. கன்சோலில் போட்டால் கேம் இணையத்திலிருந்து இறங்கும். இறங்கிய பிறகும் விளையாடக் கார்டு உள்ளே இருக்க வேண்டும். முதல்முறை திறக்கும்போது இணையமும் வேண்டும்.

அதாவது டிஜிட்டலைப் போல இடத்தை அடைத்துக்கொள்ளும், கேம் கார்டைப் போல மாற்றி மாற்றிப் போட வைக்கும். இருக்கும் ஒரே நன்மை, விற்கவும் கைமாற்றவும் முடியும் என்பது. பெட்டியின் முன்பக்கத்திலேயே இதைப் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள் என்பதை மட்டும் பாராட்டலாம். முழு கேமும் கார்டிலேயே வரும் வழி இல்லாமலில்லை: 'சைபர்பங்க் 2077' ஸ்விட்ச் 2-க்கு 64 ஜிபி கார்டில் முழுமையாக வந்திருக்கிறது.

ஸ்டோரையே மூடிவிட்டால் வாங்கியதெல்லாம் போய்விடுமா?

ஒரே நாளில் போய்விடுவதில்லை. இதுவரை நடந்ததைப் பார்த்தால் முதலில் விற்பனை நிற்கிறது. வாங்கியவர்கள் மறுபடி இறக்கிக்கொள்ளும் வசதி மட்டும் சில காலம் தொடர்கிறது.

ஸ்விட்சைச் செய்யும் நின்டெண்டோவின் பழைய கன்சோலான வீயின் ஸ்டோர் 2019 ஜனவரி 30 அன்று மூடப்பட்டது. அதன் பின்வந்த கன்சோல்களான 3டிஎஸ், வீ யூ ஸ்டோர்களில் 2023 மார்ச் 27-க்குப் பிறகு எதையும் வாங்க முடியாது. அடுத்த வருடம் ஏப்ரலில் அவற்றின் ஆன்லைன் விளையாட்டும் நின்றது. எக்ஸ்பாக்ஸ் 360 ஸ்டோர் 2024 ஜூலை 29 அன்று மூடியது. பழைய பிளேஸ்டேஷன்களான பிஎஸ்3, கையடக்க வீட்டா ஆகியவற்றின் ஸ்டோர்களை மூடப்போவதாக சோனி 2021 மார்ச்சில் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே அந்த முடிவைக் கைவிட்டது. வாடிக்கையாளர்கள் உரக்கக் கேட்டால் காது கொடுக்கிறார்கள் என்பதற்கு அது ஒரு சாட்சி.

மூடிய ஸ்டோரில் வாங்கியவை உங்களிடம் இருந்தால் இன்றே எல்லாவற்றையும் இறக்கி கன்சோலில் வைத்துக்கொள்ளுங்கள். 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். அந்த கன்சோலின் சேமிப்புப் பகுதி பழுதாகும் நாளில், மறுபடி இறக்கும் வசதி இருக்குமா என்பது உங்கள் கையில் இல்லை.

பெட்டியில் வராமல் டிஜிட்டலாக மட்டும் வந்த கேம்களுக்குத்தான் இதில் பெரிய அடி. 3டிஎஸ் ஸ்டோரில் மட்டும் வந்த சிறிய கேம்களை இன்று ஒரு புதியவர் நேர்வழியில் வாங்க வழியில்லை. 2023-இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வு, 2010-க்கு முன் அமெரிக்காவில் வந்த பழைய கேம்களில் 87 சதவீதம் இப்போது கடைகளிலோ ஸ்டோர்களிலோ புதிதாகக் கிடைப்பதில்லை என்றது. ஒரு தலைமுறையின் விளையாட்டே நூற்றுக்குப் பதின்மூன்றாகச் சுருங்கிக் கிடக்கிறது. இதை எழுதும்போது மனம் கனக்கிறது.

ஸ்டோர் இருக்கும்போதே ஒரு கேமை மட்டும் ஏன் எடுத்துவிடுகிறார்கள்?

பெரும்பாலும் கேமுக்குள் இருக்கும் மற்றவர்களின் உரிமங்கள் காலாவதி ஆவதால். பாட்டுகள், கார் நிறுவனங்களின் பெயர்கள், காமிக்ஸ் பாத்திரங்கள் எல்லாம் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டு வாங்கியவை. 'ஆலன் வேக்' பாட்டு உரிமம் முடிந்ததால் 2017 மே மாதம் விற்பனையிலிருந்து போய், 2018-இல் புது ஒப்பந்தத்தோடு திரும்பியது. 'ஃபோர்ஸா ஹொரைசன் 4' 2018-இல் வந்து 2024 டிசம்பர் 15 அன்று ஸ்டோரை விட்டுப் போனது. அதற்கு முந்தைய ஃபோர்ஸா ஹொரைசன்களுக்கும் இதே கதி.

இப்படி எடுக்கப்பட்ட கேமை ஏற்கெனவே வாங்கியவர் வழக்கமாக மறுபடி இறக்கிக்கொள்ளலாம். வாங்காதவருக்குக் கதவு அடைபட்டது. டிஸ்காக வந்த கேம் என்றால் பழைய டிஸ்க் தேடிப் பிடிக்கலாம். டிஜிட்டல் மட்டும் என்றால் ஒன்றும் செய்ய முடியாது. 'ஸ்காட் பில்கிரிம்' கேம் 2010-இல் டிஜிட்டலாக மட்டும் வந்தது, 2014 டிசம்பரில் காணாமல் போனது, 2021 ஜனவரியில்தான் திரும்பியது. நடுவில் ஆறு வருடம், காசை நீட்டினாலும் கிடைக்காத கேம் அது.

கார் பந்தயம், சூப்பர் ஹீரோ, விளையாட்டு லீக், திரைப்படத்தைத் தழுவியது ஆகிய வகைகளுக்கு டிஸ்க் கிடைத்தால் டிஸ்கை எடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆன்லைன் கேமுக்கு டிஸ்க் வாங்குவதில் பயன் உண்டா?

பாதுகாக்க வேண்டும் என்ற நோக்கில் வாங்கினால் பயனில்லை. 'தி க்ரூ' 2014-இல் டிஸ்காகவும் வந்த கார் கேம். தனியாக ஓட்டினாலும் சர்வர் இணைப்பு வேண்டும். 2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் சர்வரை நிறுத்தியதும் டிஸ்க் வைத்திருந்தவர், டவுன்லோடு வைத்திருந்தவர் இருவரும் ஒரே நிலைக்கு வந்தார்கள். இருவராலும் விளையாட முடியவில்லை. சோனியின் 'கான்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்து செப்டம்பர் 6 அன்று நிறுத்தப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது ஆறுதல்.

'தி க்ரூ' நிறுத்தப்பட்டதன் பிறகுதான் ராஸ் ஸ்காட் என்பவர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். சர்வரை நிறுத்தும்போது வாங்கியவர் ஏதோ ஒரு வகையில் விளையாடத் தொடரும்படி கேமை விட்டுச்செல்ல வேண்டும் என்பது அதன் கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கான மனு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. முழு மனதோடு ஆதரிக்க வேண்டிய கோரிக்கை என்றே நினைக்கிறேன்.

டிஸ்க் டிரைவ் இல்லாத கன்சோல் வாங்கலாமா?

உண்மையில் இதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். டிரைவ் இல்லாத கன்சோலை வாங்கிய நிமிடத்திலேயே மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் முடிவாகிவிடுகிறது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-இல் டிரைவ் கிடையாது, பின்னால் சேர்க்கவும் முடியாது. 2020-இல் வந்த முதல் பிஎஸ்5 டிஜிட்டல் பதிப்பிலும் சேர்க்க முடியாது. 2023 இறுதியில் வந்த மெலிந்த பிஎஸ்5 டிஜிட்டலிலும், 2024 நவம்பரில் வந்த பிஎஸ்5 புரோவிலும் டிரைவைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். பொருத்தும்போது ஒருமுறை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும்.

டிரைவ் இல்லாத மாடல் வாங்கும்போது மலிவாகத் தெரியும். அந்தச் சேமிப்பைப் பழைய டிஸ்க் வாங்குவதிலும், முடித்த கேமை விற்பதிலும் சில மாதங்களில் பிடித்துவிடலாம். உங்களிடம் பிஎஸ்4 டிஸ்குகள் இருந்தால் கேள்வியே இல்லை, டிரைவ் உள்ளதையே வாங்குங்கள். பிஎஸ்5 அவற்றைப் படிக்கும். பிஎஸ்3 டிஸ்குகளைப் படிக்காது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இன்னும் பின்னால் போகிறது: பட்டியலில் உள்ள எக்ஸ்பாக்ஸ் 360 கேம்களின் டிஸ்கைப் போட்டால் ஏற்றுக்கொள்ளும். ஆனால் கேமை டிஸ்கிலிருந்து எடுப்பதில்லை. உங்களிடம் டிஸ்க் இருக்கிறது என்று பார்த்துவிட்டு இணையத்திலிருந்து இறக்கும். அதிலும் டிரைவ் இல்லாத ஒரு மாடல் இப்போது விற்கிறது, பெயரைக் கவனித்து வாங்குங்கள்.

டிஸ்க் வாங்கினால் கன்சோலில் இடம் மிச்சமாகுமா?

பிஎஸ்4 காலத்திலிருந்து ஆகாது. பிஎஸ்4, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரிஸ் எக்ஸ் எல்லாமே டிஸ்கில் உள்ளதை உள்சேமிப்புக்கு நகலெடுத்து அங்கிருந்துதான் ஓட்டுகின்றன. புளூ-ரே டிரைவால் இன்றைய கேம்கள் கேட்கும் வேகத்தில் படித்துக்கொடுக்க முடியாது. நிறுவிய பிறகு டிஸ்கின் வேலை, 'நான் இங்கே இருக்கிறேன்' என்று காட்டுவது மட்டும். அதனால் டிஸ்கோ டவுன்லோடோ, விளையாடும் வேகமும் ஒன்றுதான், படத் தரமும் ஒன்றுதான்.

பயன் வேறு இடத்தில் இருக்கிறது. 80 ஜிபி கேமை அழித்துவிட்டு ஆறு மாதம் கழித்து மறுபடி வேண்டுமென்றால், டிஸ்க் இருந்தால் பெரும்பகுதியை அதிலிருந்தே நகலெடுத்துக்கொள்ளலாம். இணைப்பு மெதுவாக உள்ளவர்களுக்கும், மாத அளவு வைத்து இணையம் வாங்குபவர்களுக்கும் இது சாதாரணச் சலுகை இல்லை.

ஸ்விட்ச் விதிவிலக்கு. முழு கேமும் உள்ள கார்டு, கார்டிலிருந்தே ஓடும். முதல் ஸ்விட்சின் உள்சேமிப்பு வெறும் 32 ஜிபி என்பதால் கார்டு வாங்குபவர்களுக்கு அது உண்மையான மிச்சம்.

விற்பது, நண்பருக்குக் கொடுப்பது, வீட்டில் பகிர்வது?

டிஸ்கில் இது பேச்சே இல்லாத விஷயம். கையிலிருந்து கைக்குப் போகும். யார் அனுமதியும் வேண்டாம். இந்த எளிமை எப்போதும் பத்திரமாக இருந்ததில்லை என்பதை மறந்துவிடக்கூடாது. 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் அறிவிக்கப்பட்டபோது, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் சரிபார்ப்பு, பழைய டிஸ்க் விற்பனைக்குக் கட்டுப்பாடு என்றுதான் மைக்ரோசாஃப்ட் திட்டமிட்டது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள், ஜூன் 19 அன்று திட்டம் திரும்பப் பெறப்பட்டது. இன்று நீங்கள் ஒரு டிஸ்கை நண்பரிடம் நீட்ட முடிகிறது என்றால் அந்தக் கோபத்துக்கும் அதில் பங்கு உண்டு.

டிஜிட்டலில் வீட்டுக்குள் பகிர வழிகள் உண்டு. பிஎஸ்5-இல் ஒரு கன்சோலைப் பகிரும் கன்சோலாக வைத்தால், அதில் உள்ள மற்றக் கணக்குகளும் உங்கள் கேம்களை விளையாடலாம். எக்ஸ்பாக்ஸில் 'ஹோம் எக்ஸ்பாக்ஸ்' அதே வேலையைச் செய்கிறது. இரண்டு கன்சோல் உள்ள வீட்டில் ஒரே கேமை இருவர் ஒரே நேரத்தில் விளையாடவும் இதனால் முடியும். ஒரு டிஸ்கால் அது முடியாது. அண்ணன் தம்பி இருவரும் ஒரே கேமைக் கேட்டு அடம்பிடிக்கும் வீடுகளுக்கு டிஜிட்டலே சிக்கனம்.

நின்டெண்டோ 2025 ஏப்ரலில் 'வர்ச்சுவல் கேம் கார்டு' முறையைக் கொண்டுவந்தது. டிஜிட்டல் கேமைக் குடும்பக் குழுவில் உள்ள ஒருவருக்கு 14 நாள் இரவல் தரலாம். நாள் முடிந்ததும் தானாகத் திரும்பிவிடும். நல்ல முயற்சிதான். ஆனால் குழுவுக்கு வெளியே உள்ள நண்பருக்குத் தர முடியாது.

விலையில் எது லாபம்?

வெளியான வாரத்தில் டிஸ்க். ஒன்றிரண்டு வருடம் காத்திருந்தால் பெரும்பாலும் டிஜிட்டல் தள்ளுபடி. டிஜிட்டலில் விற்பவர் ஒருவர்தான், அவர் நினைத்தால்தான் விலை இறங்கும். ஆனால் இறங்கும்போது பாதிக்கும் கீழே போவதுண்டு. டிஸ்குக்குப் பல கடைகள் போட்டியிடும், பழைய டிஸ்க் சந்தையும் இருக்கிறது.

கணக்குப் போடும்போது ஒன்றைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள்: டிஸ்கின் உண்மையான செலவு வாங்கிய விலையிலிருந்து விற்ற விலையைக் கழித்தது. கதை கேமை மூன்று வாரத்தில் முடித்து உடனே விற்றால், எந்தத் தள்ளுபடியையும்விட மலிவாக முடிந்துவிடும். விற்கும் பழக்கமே இல்லாதவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நின்டெண்டோவின் சொந்த கேம்கள் வருடக்கணக்கில் விலை இறங்காது, பழைய கார்டுகளும் அப்படியே; அவற்றைக் கார்டாக வாங்கினால் நஷ்டம் மிகக் குறைவு.

பிடிக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பிளேஸ்டேஷன் ஸ்டோரில் 14 நாளுக்குள், இறக்கத் தொடங்காமல் இருந்தால் பொதுவாகக் கிடைக்கும். ஆகவே ஸ்டோரில் வாங்கியதும் தானாக இறங்கும் அமைப்பை அணைத்து வையுங்கள். எக்ஸ்பாக்ஸில் கோரிக்கை வைக்கலாம்; எவ்வளவு நேரம் விளையாடினீர்கள் என்று பார்த்து முடிவு சொல்வார்கள். நின்டெண்டோவில் வாங்கினால் வாங்கியதுதான், பொதுவாகத் திரும்பாது. டிஸ்க் பிடிக்கவில்லையா, விற்றுவிடுங்கள்.

கணக்கே போய்விட்டால்?

டிஜிட்டலில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். கேம்கள் ஒவ்வொன்றாகத் தொலைவதில்லை, ஒரே அடியாகத் தொலைகின்றன. எனக்கு நெருங்கிய ஒருவர் பல வருடம் சேர்த்த கேம்கள் இருந்த கணக்கை, பழைய மின்னஞ்சல் முகவரி கைவிட்டுப் போனதால் திறக்க முடியாமல் தவித்தார். வாங்கிய ரசீதுகளைத் தேடி எடுத்து, அடையாளத்தை நிரூபித்து மீட்க இரண்டு மாதம் ஆயிற்று. அத்தனை நாளும் அவர் விளையாடியது அலமாரியிலிருந்த நான்கு டிஸ்குகளை மட்டும்.

டிஜிட்டலில் வாங்குவதென்று முடிவெடுத்தால் இருபடிச் சரிபார்ப்பை இன்றே போட்டுவிடுங்கள், மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், ரசீது மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள், நீங்கள் நிரந்தரமாக வைத்திருக்கும் முகவரியையே கொடுங்கள்.

சேவையே நின்றுபோவதும் நடக்கும். 2011 ஏப்ரலில் நடந்த ஊடுருவலால் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் மூன்று வாரத்துக்கு மேல் முடங்கியது, சுமார் 7.7 கோடி கணக்குகளின் விவரங்கள் பாதிக்கப்பட்டன. 2025 பிப்ரவரியிலும் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க வேலை செய்யவில்லை. உங்கள் கன்சோலை முதன்மைக் கன்சோலாகப் பதிந்து வைத்திருந்தால் இப்படிப்பட்ட நாட்களிலும் இறக்கி வைத்த கேம்கள் திறக்கும். பலர் இதைச் செய்யாமலே விட்டிருக்கிறார்கள், அமைப்புகளில் போய்ப் பாருங்கள்.

டிஸ்க் மட்டும் கெட்டுப்போகாதா?

போகும். புளூ-ரேயின் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. அதைக் காக்கக் கடினமான பூச்சு உண்டு, அதனால் சிறு கீறல்களைத் தாங்கும். ஆழமான கீறல் விழுந்தால், டிவிடியைத் தேய்த்துச் சரிசெய்வதுபோல இதைச் செய்ய முடியாது. வெயில் படாமல், ஈரம் இல்லாமல், பெட்டிக்குள் செங்குத்தாக வையுங்கள். துடைப்பதானால் மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, வட்டமாக வேண்டாம். பழைய கேம் பாய் கேட்ரிட்ஜ்கள் பலவற்றில் சேவுக்காக (விளையாடிய இடத்தைப் பதிந்து வைப்பதற்காக) ஒரு சிறு பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் சேவ் போகும், கேம் போகாது.

வீட்டில் குழந்தை இருந்தால் ஸ்விட்ச் கார்டைப் பற்றி ஒரு செய்தி: வாயில் போட்டுக்கொள்ளக்கூடாது என்பதற்காக அதன் மேல் டெனடோனியம் பென்சோயேட் என்ற கடுங்கசப்புப் பொருளைப் பூசியிருக்கிறார்கள். பெரியவர்கள் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, உண்மையிலேயே கசக்கும். கார்டு மிகச் சிறியது. தொலைவதுதான் அதன் பெரிய ஆபத்து.

டிஸ்கில் தொடங்கிவிட்டு டிஜிட்டலுக்கு மாறலாமா?

சேவ் டிஸ்கில் இருப்பதில்லை, கன்சோலிலோ கிளவுடிலோதான் இருக்கிறது. அதே கன்சோல் தலைமுறை, அதே பிராந்தியப் பதிப்பு என்றால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் கேமை மறுபடி காசு கொடுத்து வாங்க வேண்டும். டிஸ்க் இருக்கிறது என்பதற்காக டிஜிட்டல் உரிமம் தரமாட்டார்கள்.

வேறு நாட்டு டிஸ்க் வாங்கலாமா?

பிஎஸ்4, பிஎஸ்5, ஸ்விட்ச் கேம்களுக்குப் பொதுவாகப் பிராந்தியப் பூட்டு இல்லை, ஓடும். சிக்கல் கூடுதல் பகுதிகளில் வரும்: வேறு பிராந்தியக் கணக்கில் வாங்கிய டிஎல்சி (இறக்கிச் சேர்க்கும் கூடுதல் பகுதி) உங்கள் டிஸ்கோடு சேராமல் போகலாம். மொழித் தேர்வும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். 3டிஎஸ்-இல் பூட்டு உண்டு.

பழைய டிஸ்க் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய கோடுகள் பரவாயில்லை. நகத்தில் தட்டுப்படும் கீறல் வேண்டாம். பெட்டிக்குள் இருக்கும் டவுன்லோடு குறியீடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியும் டிஸ்கும் ஒரே கேமுக்குரியவையா என்று திறந்து பாருங்கள். கேம் இப்போது சர்வர் இல்லாமல் ஓடுமா என்று தேடிப் பாருங்கள். 'தி க்ரூ' டிஸ்கை வாங்கி ஏமாந்துவிடாதீர்கள்.

சந்தா போட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?

நிறைய கேம்களைத் தொட்டுப் பார்க்க கேம் பாஸும் பிளேஸ்டேஷன் பிளஸும் நல்ல வழி. கேம்கள் வரும், போகும். சந்தா நின்றால் எல்லாம் நிற்கும். சந்தாவில் விளையாடி மனதுக்குப் பிடித்துவிட்டதைத் தனியாக வாங்கி வைப்பது என் வழக்கம்.

நீங்கள் எப்படி வாங்குகிறீர்கள்?

கதை கேம்கள் டிஸ்கில், அதுவும் இணையம் இல்லாமல் ஓடுகிறது என்று உறுதியான பிறகு. ஸ்விட்சுக்கு முழு கேமும் உள்ள கார்டு; கேம்-கீ கார்டு என்றால் நேராக டிஜிட்டல் தள்ளுபடிக்குக் காத்திருப்பேன், ஏனென்றால் மாற்றிப் போடும் வேலையாவது மிச்சம். ஆன்லைன் கேம்களும், தினமும் சிறிது நேரம் எடுக்கும் புதிர் கேம்களும் டிஜிட்டலில். சிறு குழுக்கள் செய்யும் கேம்கள் பெரும்பாலும் டிஜிட்டலில்தான் வருகின்றன; வந்த உடனே வாங்கிவிடுகிறேன், அந்தப் பணம் அவர்களுக்கு அப்போதுதான் தேவைப்படுகிறது. அப்படி வந்த ஒன்று மிகவும் பிடித்துப்போய், பின்னால் லிமிடெட் ரன் கேம்ஸ் போன்றவர்கள் அதைக் குறைந்த எண்ணிக்கையில் டிஸ்காகவும் வெளியிட்டால், இரண்டாவது முறையும் வாங்குகிறேன். அலமாரியில் அப்படி இருமுறை வாங்கியவை ஏழு இருக்கின்றன. போன மாதம் அதில் ஒன்றை அக்கா மகன் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், இன்னும் முடிக்கவில்லையாம்.